பூட்டியவள்தான் திறக்க வேண்டும்

“பாம்ம்ம்ம்!”

வாசலில் அலறிய ஹாரனில், சமையல் மேடை மேல் கவிழ்த்து வைத்திருந்த டம்ளர்கள் கிடுகிடுத்தன. மாடி வீட்டு டெய்லரம்மாவின் மிஷின் பாதித் தையலில் நின்றது. எதிர்வீட்டு நாய் குரைக்க வாயெடுத்தது. இது நம் சக்திக்கு மீறிய சத்தம் என்று தோன்றியதோ என்னவோ, மூடிக்கொண்டது.

லிஃப்ட்காரி ஈரக் கையோடு வெளியே வந்தாள். தெருவில் அவளுக்கு அதுதான் பெயர். ஊரில் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் பாதி வழியில் மக்கர் செய்தாலும், கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புகிறவள். வாரத்தில் ஒரு நாள்தான் அவளுக்கு விடுமுறை. அந்த ஒரு நாளுக்கும் வேட்டு வைப்பதற்கென்றே வந்தது போல இரும்புக் கேட்டுக்கு வெளியே ஒரு நீல லாரி நின்றது. வண்டி என்னவோ சின்னதுதான். ஹாரனை மட்டும் கப்பலிலிருந்து கழற்றி மாட்டியிருக்கவேண்டும்.

தலையில் துண்டு கட்டிய மேஸ்திரி குதித்து இறங்கினார்.

“அம்மா, அக்கரைக்குப் போற வீடு இதுதானே? சாமானெல்லாம் எடுத்து வெளிய வைங்க. மழை வர்றதுக்குள்ள பாலத்தைத் தாண்டிடணும்.”

அக்கரை என்றால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மாநிலம். நடுவில் ஒரு பாலம். பாலத்தின் நடுவில் ஒரு சோதனைச் சாவடி. அங்கே போய் இருப்பதா, இங்கேயே கிடப்பதா என்று அந்த வீட்டில் மாதக்கணக்காக ஒரு சண்டை ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் தீர்ப்பாகவில்லை. தீர்ப்புக்கு முன்னால் லாரி வந்துவிட்டது.

“யார் சொல்லி வந்தீங்க?”

“ஆபீஸ்ல போகச் சொன்னாங்க, வந்தேன். சொன்னது யாருன்னு எனக்கென்னம்மா தெரியும்?”

அவள் திரும்பி வீட்டைப் பார்த்தாள். கூடத்துக் கண்ணாடி முன்னால் கணவன் முகம் நிறைய சவர நுரையோடு நின்றான். பாதிக் கன்னம் வழித்திருந்தது. கையில் ரேசர் அசையவில்லை.

“ஏங்க, இது என்ன வண்டி?”

“லாரி மாதிரிதான் தெரியுது.”

“கண்ணு எனக்கும் இருக்கு. யார் வரச் சொன்னதுன்னு கேட்டேன்.”

“எப்படியும் ஒரு நாள் வரவேண்டிய வண்டிதானே? இன்னிக்கு வந்துடுச்சு.”

உள்ளறையிலிருந்து மாமனார் எழுந்து வந்தார். நெடுஞ்சாலையோரத்து எடை மேடையில் ஆயுசு பூராவும் லாரிகளை எடை போட்டு ஓய்வு பெற்றவர். ‘எடை மேடை’ என்றால்தான் பழைய ஆட்களுக்கு அவரைத் தெரியும்.

“யாருடா அது? என்ன சத்தம்? அட, லாரி!” என்றார். காது நன்றாகக் கேட்கிற மனிதர், அன்றைக்கு எதற்கோ கொஞ்சம் உரக்கவே ஆச்சரியப்பட்டார்.

லிஃப்ட்காரி வாசல்படிக்கு வந்தாள். செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த கருவிப் பையைத் திறந்து சிவப்புப் பூட்டு ஒன்றை எடுத்தாள். விறுவிறுவென்று போய்க் கேட்டின் கொண்டியை இழுத்து மாட்டி, பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். பூட்டோடு ஒரு அட்டை தொங்கியது. அதில் அவளுடைய போட்டோ. கீழே கொட்டை எழுத்தில்: ‘கை வைக்காதே. உள்ளே ஆள் இருக்கிறது.’

மேஸ்திரி அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தார். இரண்டு அடி பின்னால் போனார்.

லிஃப்ட் வேலையில் அது வேத வாக்கு. லிஃப்ட் ஓடுகிற அடிக்குழியில் இறங்குமுன் மெயின் சுவிட்சை அணைத்து, இறங்குகிறவர் தன் பூட்டைப் போடவேண்டும். சாவி அவரிடமே இருக்கும். இரண்டு பேர் இறங்கினால் இரண்டு பூட்டு. பூட்டியவர்தான் திறக்கவேண்டும். முதலாளியே வந்தாலும் இன்னொருவர் பூட்டைத் தொடக்கூடாது.

ஒரே ஒரு முறை ஒருவர் தொட்டார். அவள் உதவியாளாக இருந்த காலம். ஏதோ ஒரு கட்டடத்துச் செயலாளருக்கு அவசரம். பூட்டை உடைத்து சுவிட்சைப் போட்டுவிட்டார். அவள் அடிக்குழியில் இருந்தாள். மேலிருந்து இரும்புப் பெட்டி இறங்கி வந்தது. தரையோடு தரையாகப் படுத்து, மூக்குக்கு மேலே ஒரு சாண் இடைவெளியில் அது நின்றதைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். கல்யாணமான புதிதில் கணவன் இந்தக் கதையைத் தன் ஆபீஸ் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டான். “எம் பொண்டாட்டி எமனையே பக்கத்துல பார்த்தவ!”

இப்போது அவன் அப்படியெல்லாம் சொல்வதில்லை.

“என்னடி இது, கேட்டைப் பூட்டறே?”

“உள்ள ஆள் இருக்கு. அட்டையில போட்டிருக்கு, படிங்க.”

“தெருவே பார்க்குது.”

“லாரியைக் கொண்டுவந்து நிறுத்தும்போது தெரு இல்லையா? அப்ப எல்லாரும் வேற ஊருக்குப் போயிருந்தாங்களா?”

தெரு உண்மையில் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. டெய்லரம்மா மாடிக் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றி, கழுத்தில் டேப்போடு வசதியாக நின்றுகொண்டாள்.

“மேஸ்திரி, பூட்டை வெட்டணும்னா சொல்லுங்க. எங்கிட்ட பெரிய கத்தரி இருக்கு!” என்றாள்.

“நீங்க துணியை வெட்டுங்கம்மா, போதும்” என்றான் கணவன்.

“உங்க பேன்ட்டுத்தான் சார் வெட்டிட்டிருந்தேன். சத்தத்துல ஒரு கால் குட்டையாப் போச்சு.”

மாமனார் இரண்டு கையையும் உயர்த்தினார். “சண்டை எதுக்கு? உள்ள வாங்க. உக்காந்து ரெண்டு பக்கமும் எடை போட்டுப் பார்த்துடுவோம். நியாயம்னா நியாயம். எனக்கு மகனும் ஒண்ணுதான், மருமகளும் ஒண்ணுதான்.”

கூடத்தில் உட்கார்ந்தார்கள். மாமனார் நடு நாற்காலியில். கணவன் நுரையைக்கூடத் துடைக்காமல் ஜன்னலோரம். லிஃப்ட்காரி வாசல் தெரிகிற மாதிரி படியருகில் நின்றாள், அவள் உட்காரவில்லை.

“எடை மேடையில ஒரு பழக்கம் உண்டு” என்று மாமனார் ஆரம்பித்தார். இந்தக் கதை அந்த வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். “வெறும் வண்டியை முதல்ல ஏத்துவோம். அப்புறம் பாரத்தோட ஏத்துவோம். கழிச்சுப் பார்த்தாத்தான் சரக்கு எவ்வளவுன்னு தெரியும். அதே மாதிரி, கோபத்தை முதல்ல கழிச்சுடுங்க. மிச்சம் என்ன இருக்குன்னு பார்ப்போம். நீ சொல்லுடா. எதுக்கு அக்கரை?”

கணவன் பெயின்ட் கம்பெனியில் விற்பனை அதிகாரி. கடைக்காரர்களிடம் பேசிப் பேசி அவன் நாக்கிலேயே ஒரு கோட்டிங் ஏறியிருந்தது.

“அங்கே புதுசாத் திறக்கற சரக்கு டிப்போவுக்கு என்னைப் பொறுப்பாப் போடறாங்க. இங்கே இருந்தா தலை நரைக்கற வரைக்கும் கடை கடையா ஏறி இறங்கணும். அங்கே கரன்ட் போறதில்லை. தண்ணி நிக்கறதில்லை. வண்டி வரி பாதி. அப்பா முட்டிக்கு நல்ல ஆஸ்பத்திரி வீட்டுக்குப் பக்கத்துலயே இருக்கு. ரோடெல்லாம் கண்ணாடி மாதிரி. இங்கே ஒரு மழை பெய்ஞ்சா நம்ம தெரு குளமாகுது.”

“போன மழையில அந்தக் குளத்துல முட்டளவு இறங்கி, கட்டடத்துல மாட்டிக்கிட்ட ஜனத்தைக் கீழ இறக்கினது நான்” என்றாள் அவள். “நீங்க ஜன்னல்ல நின்னு போட்டோ எடுத்தீங்க.”

“பாத்தீங்களாப்பா? நான் ரோட்டைச் சொன்னா அவ போட்டோவைச் சொல்றா.”

“பொறுடா. நீ சொல்லும்மா. எதுக்கு இக்கரை?”

அவளுக்கு ஆதியிலிருந்தே ஒரே காரணம்தான். லிஃப்ட் ஓட்டத் தகுதியானதுதானா என்று சோதித்துக் கையெழுத்துப் போடுகிற லைசென்ஸ் அவளுக்கு இருந்தது. பையைத் தூக்கி, டார்ச் பிடித்து, கிரீஸ் துடைத்து, பரீட்சை எழுதி வாங்கியது. அந்தக் கையெழுத்து பாலத்துக்கு இந்தப் பக்கம் வரைக்கும்தான் செல்லும். சாவடியைத் தாண்டிவிட்டால் அது வெறும் கிறுக்கல். அங்கே மறுபடி உதவியாள், மறுபடி பை, மறுபடி டார்ச்.

“என் லைசென்ஸ் அங்க செல்லாது மாமா. அது உங்களுக்கும் தெரியும், இவருக்கும் தெரியும். அதோட, நீங்க உயிரோட இருக்கறதை வருஷா வருஷம் இந்த மாநிலத்து ஆபீஸ்ல நேர்ல போய்க் காட்டினாத்தான் உங்க பென்ஷன் வரும்.”

“அப்ப அந்தப் பக்கம் போனா நான் செத்துட்டதா அர்த்தமா?”

“அப்படித்தான் நினைச்சுக்குவாங்க.”

“பரவாயில்லம்மா. இங்க இருக்கறவங்களும் பாதிப் பேர் அப்படித்தான் நினைச்சிட்டிருக்காங்க” என்று அவர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

“லைசென்ஸ், லைசென்ஸ்!” கணவன் எழுந்தான். “என்னமோ ராஜாங்க முத்திரை மாதிரி! உன்னைவிட்டா லிஃப்ட்டெல்லாம் அந்தரத்துல தொங்குமா? நீ பொறக்கறதுக்கு முன்னாடி ஜனங்க படியேறலையா?”

“பெயின்ட் கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடியும் வீடு இருந்துச்சு.”

மாடியிலிருந்து “அப்படிப் போடு!” என்று குரல் கேட்டது.

“அந்த ஜன்னலைச் சாத்து!”

“சாத்தினா புழுங்கும். இந்தப் பக்கம்தான் கரன்ட் இல்லையே.”

கரன்ட் இருந்தது. ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. கணவன் அதை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டான்.

“சரி, உங்க வழிக்கே வர்றேன்” என்றாள் அவள். “அங்க வீடு பார்த்தாச்சா?”

“பார்த்தாச்சு.”

“எப்ப?”

“போன தடவை டிப்போ பார்க்கப் போனேன் இல்ல, அப்பத்தான்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. எத்தனை ரூமு?”

“போதுங்கற அளவு.”

“சமையல்கட்டு எப்படி? காத்து வருமா?”

அவன் விழித்தான். “சமையல்கட்டா… இருக்கும். எல்லா வீட்லயும் இருக்குமே.”

“பார்க்கலையா?”

“கதவு சாத்தியிருந்துச்சு.”

“நல்லாருக்கு. மாநிலத்து ரோடு பூராவும் அளந்துட்டு வந்த ஆளு, குடியிருக்கப் போற வீட்டுச் சமையல்கட்டைத் திறந்து பார்க்கலை. பாருங்க மாமா, உங்க பிள்ளை லட்சணத்தை. கல்யாணம் ஆனதுலேர்ந்து இப்படித்தான். வெளியில பளபளன்னு பூசுவார். உள்ள என்ன இருக்குன்னு தட்டிப் பார்க்கமாட்டார்.”

மாமனார் தொண்டையைச் செருமினார். “இக்கரைக்கு அக்கரை பச்சைன்னு சும்மாவா சொன்னாங்க.”

“யார் பக்கம் பேசறீங்கப்பா நீங்க?”

“நான் யார் பக்கமும் இல்லடா. தராசு முள்ளு மாதிரி நடுவுல நிக்கறேன். நியாயம்னா நியாயம்.”

கேட்டருகிலிருந்து மேஸ்திரியின் குரல் வந்தது. “சார்! மேகம் கறுக்குது! ஏத்தறதா, வண்டியைத் திருப்பறதா? ஒண்ணு சொல்லுங்க!”

கணவன் விடுவிடுவென்று வாசலுக்குப் போனான். பின்னாலேயே அவள், அவளுக்குப் பின்னால், கைத்தடியைத் தட்டிக்கொண்டு மாமனார்.

“மேஸ்திரி, வண்டியில கடப்பாரை, ராடு ஏதாவது இருக்கா?”

“டயர் கழட்டற ராடு இருக்கு. எதுக்கு?”

“குடு.”

மேஸ்திரி ராடை எடுத்து வந்தார். ஆனால் உடனே கொடுக்கவில்லை. கேட்டுக் கம்பிக்கு அந்தப் பக்கமே பிடித்துக்கொண்டு நின்றார். “உள்ள ஆள் இருக்குன்னு போட்டிருக்கே சார்.”

“இந்தம்மாதான்யா அந்த ஆள். இதோ வெளியிலதானே நிக்கறா!”

“எனக்கென்னமோ அவங்க இன்னும் உள்ள இருக்கற மாதிரிதான் படுது” என்றார் மேஸ்திரி. அவர் விவரமாகச் சொன்னாரோ, சும்மா சொன்னாரோ, தெரியாது. கணவன் கம்பி வழியாகக் கையை நீட்டி ராடைப் பிடுங்கிக்கொண்டான்.

பூட்டு வளையத்தில் ராடின் நுனியைக் கொடுத்தான். ஒரு நெம்பு நெம்பினால் போதும்.

லிஃப்ட்காரி நகரவில்லை. அவள் மூக்குக்கு மேலே மறுபடியும் அந்த இரும்புப் பெட்டி இறங்கிக்கொண்டிருந்தது. அதே கிரீஸ் வாசனை, அதே இருட்டு.

“உடைங்க” என்றாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. “உடைச்சுடு. அதோட நமக்குள்ள பேச்சு முடிஞ்சுது.” கோபம் கரைபுரளும்போது அவளுக்கு ‘நீங்க’ போய் ‘நீ’ வந்துவிடும்.

கணவன் அவளைப் பார்த்தான். பிறகு பூட்டில் தொங்கிய போட்டோவைப் பார்த்தான். ராடு அவன் கையில் அப்படியே நின்றது. நெம்பவில்லை. மெல்ல அதை இழுத்து, சுவரோரம் சாய்த்து வைத்தான்.

தெருவே மூச்சு விட்டது.

லிஃப்ட்காரியின் நெஞ்சில் ஏதோ இளகியது. கை வரவில்லை இவனுக்கு என்று நினைத்தாள். வாய்தான் வாள். என்னதான் கத்தினாலும் அந்தக் குழிக்குள்ளே நான் கிடந்ததை இவன் மறக்கவில்லை.

இளகினால் பழையது எல்லாம் மேலே வரும். யாருக்கும் தெரியாமல் அவள் தன் கம்பெனி மேலாளரிடம் போய்க் கேட்டிருந்தாள், அக்கரைக் கிளையில் எனக்கு இடம் இருக்குமா என்று. இருக்கிறது என்றார் அவர். ஆனால் உதவியாள் வேலைதான். நேற்று வேலைக்குச் சேர்ந்த ஒரு பொடியன் கையெழுத்துப் போடுவான், நீ டார்ச் பிடிக்கவேண்டும், சம்மதமா என்றார். அவள் யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டாள். யோசித்துக்கொண்டேதான் இருந்தாள். டார்ச் பிடிப்பது அவளுக்குப் புதிதல்ல. ஒருமுறை ஏறிய படியை இன்னொரு முறை ஏறத் தெரியாதா?

அவள் காத்திருந்தது ஒரே ஒரு சொல்லுக்கு. மாதக்கணக்காக இந்த வீட்டில் ‘போகலாமா, இருக்கலாமா’ என்று பேசியிருக்கிறார்கள். ‘நீ ஒரு பிடிவாதம்’ என்று சொல்லியிருக்கிறான். ‘லிஃப்ட்டைக் கட்டிக்கிட்டு அழு’ என்று சொல்லியிருக்கிறான். ‘வா’ என்று மட்டும் சொன்னதே இல்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே மூட்டை கட்டியிருப்பாள். கேட்டு வாங்கவும் அவளுக்குத் தன்மானம் இடம் கொடுக்கவில்லை.

“நான் உடைக்கலை” என்றான் கணவன். இப்போது குரல் தணிந்திருந்தது. “நாளைக்கு ஊர் என்னைச் சொல்லக்கூடாது. நீயே உன் வாயால சொல்லிடு. வரமாட்டே, அதானே? எல்லாரும் இருக்காங்க. மேஸ்திரி இருக்கார், மேல அந்தம்மா இருக்காங்க, அப்பா இருக்கார். எல்லார் காதுலயும் விழற மாதிரி சொல்லிடு. அதோட நான் உன்னை ஒண்ணும் கேக்கமாட்டேன்.”

“எதுக்கு எல்லார் காதுலயும்?”

“பின்னே? நாளைக்குச் சொந்தக்காரங்க கேப்பாங்க, பொண்டாட்டியை விட்டுட்டு வந்துட்டியான்னு. நான் விடலை, அவதான் வரலைன்னு சொல்ல எனக்கு ஆள் வேணாமா? லைசென்ஸை விட்டுட்டு நீ வரப் போறதில்லை. அது உலகத்துக்கே தெரியும். சொல்லிடு, சீக்கிரம் சொல்லிடு. பாவம், வண்டிக்காரர் நிக்கறார்.”

“ஆமா, வண்டிக்காரர் பாவம்தான்” என்று மாமனார் வானத்தைப் பார்த்தபடி சொன்னார். “நிக்கற வண்டி தேயற வண்டி. அதுவும் சாமானுக்கேத்த வண்டியா அமையறது அபூர்வம். பெரிய வண்டியைக் கூப்பிட்டு, பாதியைக் காத்தை ஏத்தி அனுப்பற ஜனங்களைப் பார்த்தாலே எனக்கு வயிறெரியும்.”

அவர் எதற்கு இப்போது வண்டிச் சாஸ்திரம் பேசுகிறார் என்று யாரும் கவனிக்கவில்லை. அவர் எப்போதும் பேசுவதுதான்.

லிஃப்ட்காரி கோபத்தைக் கழித்துப் பார்த்தாள். மாமனார் சொன்ன முறைதான்: முதலில் வெறும் வண்டி. சண்டையைக் கழி. ரோட்டைக் கழி, கரன்ட்டைக் கழி, வரியைக் கழி. மிச்சம் என்ன? ஒரு பக்கத்தில் அவளுடைய கையெழுத்து. இன்னொரு பக்கத்தில், பாதிக் கன்னத்தில் காய்ந்த நுரையோடு நிற்கிற இந்த மனிதன், பூட்டை உடைக்கக் கை வராத மனிதன். கையெழுத்தை மறுபடி சம்பாதித்துவிடலாம்.

அவள் சட்டைப் பையில் கையை விட்டாள்.

“என்ன தேடறே?”

“சாவி.”

கணவன் முகத்தில் எதிர்பார்த்த பதில் வராத கடைக்காரனின் குழப்பம். “சாவி எதுக்கு? நீ சொல்லு போதும். மேஸ்திரி மதில் ஏறிக் குதிச்சுக்கூட சாமானைத் தூக்கிடுவார்.”

“என்னது, மதிலா?” என்றார் மேஸ்திரி. “எனக்கு இடுப்பு புடிச்சிருக்கு சார்.”

லிஃப்ட்காரி கேட்டருகே போனாள். பூட்டில் சாவியைப் போட்டுத் திருப்பினாள். ‘டக்’கென்று திறந்துகொண்டது. அட்டையையும் பூட்டையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு திரும்பினாள்.

“எல்லார் காதுலயும் விழணும்னீங்களே, விழட்டும். நான் வர்றேன்.”

“எங்க?” என்றான் கணவன்.

“எங்கயா? அக்கரைக்கு. உங்ககூட. லைசென்ஸ் செல்லாட்டி போகுது. மறுபடி டார்ச் புடிக்கறேன். என் கம்பெனியில பேசியாச்சு. அங்க இடம் இருக்கு. சமையல்கட்டுல காத்து வருதான்னு நானே போய்ப் பார்த்துக்கறேன்.”

மாடியில் டெய்லரம்மா கை தட்டினாள். “அப்படிச் சொல்லு தாயி! போற இடத்துல எனக்கும் ஒரு கடை பாரு!”

மேஸ்திரி வெற்றி பெற்றவர் மாதிரித் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “அப்பாடா! ஒரு வழியாத் தீர்ந்துது. அம்மா, பீரோவும் உண்டா? கட்டில், கிரைண்டர், எல்லாம்?”

“எல்லாம் உண்டு. வீட்டையே ஏத்துங்க.”

அவள் கணவனைப் பார்த்துச் சிரித்தாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு. அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. வழித்த கன்னம் ஒரு நிறம், வழிக்காத கன்னம் ஒரு நிறமாக அவன் அவளைப் பார்க்காமல் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். பரீட்சைத் தாளில் இல்லாத கேள்வி வந்துவிட்ட மாணவன், பக்கத்துப் பையனைப் பார்ப்பது போல.

“அப்பா…” என்றான்.

மாமனார் அவனைக் கவனிக்கவில்லை. அவர் கண் லாரியின் மேல் இருந்தது. பின்பக்கத் திறப்பை, பலகையை, சக்கரத்துக்கு மேலே வளைந்த இரும்புப் பட்டைகளை ஆயுசு பூராவும் பார்த்துப் பழகிய கண். பீரோ, கிரைண்டர் என்று மேஸ்திரி அடுக்க அடுக்க, அவர் நெற்றி சுருங்கிக்கொண்டே போனது. கைத்தடியால் லாரிப் பலகையைத் தட்டினார். தொழிலில் கை வைத்தால் பொறுக்காத மனிதருக்கு, வாய்க்குக் காவல் வைக்க மறந்துபோனது.

“என்னம்மா நீ, திடுதிப்புன்னு வர்றேங்கறே! எனக்கும் அவனுக்கும் மட்டும் அளவு பார்த்து நான் சொல்லி வெச்ச வண்டிம்மா இது!”